நாடாவில் எஞ்சிய மேடை

இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் பற்றி நம் மாணவர் எழுதும் விடைத்தாள்களில் முதலில் வருவது உமறுப் புலவரின் சீறாப்புராணம். அடுத்து வருவன குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களின் பாடல்கள். பின்னர்க் கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து, படைப்போர் என வடிவங்களின் பெயர்கள் வரிசையாக வரும். அத்துடன் விடை முடிந்துவிடும். முழு மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். மதிப்பெண் வழங்குவோருள் யானும் ஒருவன் என்பதால் இக்குறையில் எனக்கும் பங்கு உண்டு.

கந்தூரி மைதானங்களிலும் மீலாது மேடைகளிலும் திருமண வீட்டுப் பந்தல்களிலும் சென்ற நூற்றாண்டின் பிற்பாதி முழுவதும் ஒலித்த பாட்டுக்கச்சேரி நம் பாடத்திட்டத்தில் எவ்விடத்தும் இல்லை. சீறாவின் ஒரு படலத்தையேனும் முழுமையாகக் கேட்டிராத எளிய மக்கள், அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைத் தமிழில் கேட்டு நெஞ்சுருகியது அம்மேடைகளின் முன்னேதான். எழுதப்படிக்க அறியாத எங்கள் நன்னிக்குத் தெரிந்திருந்த தமிழ்க் கவிதை அனைத்தும் செவிவழி வந்தவை. அவற்றுள் பெரும்பகுதி ஒரே குரலின் வழியாக வந்தவை.

அக்குரலுக்கு உரியவர் இசைமுரசு நாகூர் இ.எம். ஹனிபா. 1925ஆம் ஆண்டு டிசம்பர் 25இல் இராமநாதபுரத்தில் பிறந்து, நாகூரைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்டு, 2015 ஏப்ரல் 8இல் சென்னையில் மறைந்தவர். 2025ஆம் ஆண்டோடு அவர் பிறந்து நூறாண்டு நிறைந்தது. 'இவரை அறியாதார் யார்? இவரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது?' என்று கேட்பீர்கள். அவரை அறிந்திருக்கிறோம் என்ற நினைப்பே அவரை அறியவொட்டாமல் தடுக்கிறது என்பது என் கருத்து. நோன்புக் காலத்தில் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் திரும்பத் திரும்ப ஒலிபரப்பாகும் நான்கைந்து பாடல்களுக்குள் அவரைச் சுருக்கிவிட்டோம். திரைப்படம் சார்ந்து பேசுவோர் 1955இல் வந்த 'குலேபகாவலி', 1961இல் வந்த 'பாவ மன்னிப்பு' என இரண்டு மூன்று படங்களைச் சுட்டிவிட்டு நகர்ந்துவிடுவர். இவை இசைத்தட்டு ஹனிபாவையும் திரைப்பட ஹனிபாவையும் மட்டுமே காட்டுகின்றன. மேடை ஹனிபாவோ வேறொருவர். இதனை எனக்குக் கற்பித்தவர்கள் பேராசிரியர்கள் அல்லர், ரசிகர்கள்.

குன்றாண்டார்கோவில் ஒன்றியத்தைச் சேர்ந்த சிற்றூர் ஒன்று எங்கள் பூர்வீகம். அங்கு என் பெரியத்தா ஒரு சிறு மளிகைக்கடை வைத்திருந்தார். 1974 ஜனவரியில் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. அதற்கு இரண்டோர் ஆண்டு கழித்துச் சிங்கப்பூரிலிருந்து திரும்பிய உறவினர் ஒருவர் அவருக்கு ஒரு நேஷனல் பானாசோனிக் ஒலிப்பதிவுக் கருவியைக் கொண்டுவந்து கொடுத்தார். அன்று முதல் சுற்றுவட்டாரத்தில் எங்குக் கச்சேரி என்று சுவரொட்டி ஒட்டினாலும், கருவியை ஒரு துண்டில் சுற்றி மிதிவண்டியின் பின்னிருக்கையில் கட்டிக்கொண்டு அவர் புறப்பட்டுவிடுவார். மேடைப் பொறுப்பாளரிடம் அனுமதி பெற்று, ஒலிபெருக்கிக்கு நேரே ஒரு முக்காலியின்மேல் கருவியை வைத்துவிட்டு, அதன் அருகிலேயே விடியும்வரை அமர்ந்திருப்பார். பக்கத்தில் இருப்பவர் இருமினால்கூடத் திரும்பிப் பார்ப்பாராம்.

அவருடன் தவறாமல் சென்றவர் மற்றொருவர். அவர் விவசாயி, இந்து, திராவிட முன்னேற்றக் கழகத்தின் தீவிரத் தொண்டர். கழக மாநாடுகளில் ஹனிபா அவர்களின் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர், அதே குரலைத் தேடிக் கந்தூரிக்கும் வந்தார். கந்தூரியில் கேட்டு மயங்கிய என் பெரியத்தா, அக்குரலின் பொருட்டே மாநாட்டுக்கும் போனார். எங்கள் பக்கத்து வழக்கப்படி இருவரும் ஒருவரை ஒருவர் 'மாமா' என்றும் 'மாப்பிள்ளை' என்றும் அழைத்துக்கொள்வர். (திருமயத்தை அடுத்த காட்டுபாவா பள்ளிவாசல் கந்தூரிக்கு ஒருமுறை சென்று வந்தோர்க்கு இவ்வுறவைப் பற்றி விளக்க வேண்டியதில்லை.)

கடைத் திண்ணையில் ஒருநாள் நடந்த உரையாடல் என் நினைவில் நிற்கிறது. புதிதாக வாங்கிய இசைத்தட்டு ஒலிநாடா ஒன்றைப் போட்டுக் காட்டி, ஓர் இளைஞர் அதன் ஒலித் தெளிவைப் புகழ்ந்துகொண்டிருந்தார். அந்த விவசாயி பொறுமையாகக் கேட்டுவிட்டு என் பெரியத்தாவைப் பார்த்துச் சொன்னார்: "மாமா, தட்டுல பாடுனது தட்டுக்குப் பாடுனது. அன்னைக்கு ராத்திரி பாடுனது நமக்குப் பாடுனது."

இதனைக் கேட்டபோது யான் சிறுவன். இலக்கியம் பயின்ற பின்னர்தான் இச்சொற்களின் ஆழம் எனக்குப் புலப்பட்டது.

78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்றரை நிமிடம் பாட இடமுண்டு. பின்னர் வந்த தட்டுகள் கால அளவைக் கூட்டின எனினும், பாடலை மூன்று நான்கு நிமிடங்களுக்குள் முடிக்கும் பழக்கம் நீங்கவில்லை. மேடைக்கு இந்த எல்லை இல்லை. தாளமின்றிக் குரலை மேலேற்றி விருத்தமாக நான்கு அடிகளைப் பாடி, கூட்டம் அடங்கியபின் தபலா தொடங்கும். பல்லவி வந்த வழியே போகாமல் நின்று நின்று வரும். ஒரே சொல்லை முதன்முறை வினாவாகவும், மறுமுறை வேண்டுதலாகவும், மூன்றாம் முறை முறையீடாகவும் பாடும்போது, அச்சொல்லின் பொருள் அவையினர் முன்னிலையில் விரிகிறது. உரையாசிரியர் ஒருவர் பல பக்கங்களில் செய்வதை அக்குரல் அரை நிமிடத்தில் செய்தது. தட்டில் மூன்று சரணம் உள்ள பாடலுக்கு மேடையில் நான்காவது சரணமும் ஐந்தாவது சரணமும் உண்டு. அவற்றுள் சில பாடலாசிரியரே எழுதித் தட்டில் இடமின்றி விடுபட்டவை; சில அவ்வூருக்கென்று, அவ்விரவுக்கென்று சேர்க்கப்பட்டவை. எது எவ்வகை என்று பிரித்தறிவது நம் துறையினர் செய்யவேண்டிய பணி அன்றோ? நாகூர்ப் புலவர் ஆபிதீன், கிளியனூர் அப்துல் சலாம் முதலியோரின் பாடல்களுக்கு நாம் மூலபாடம் காண முற்பட்டால், அச்சிட்ட பாட்டுப் புத்தகமும் இசைத்தட்டும் போதா.

டாக்டர் உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று ஏடு தேடியதை நாம் வகுப்பில் உணர்ச்சியோடு சொல்லுகிறோம். ஒரு நூலுக்குப் பல சுவடிகளைத் திரட்டி ஒப்புநோக்கிப் பாடபேதம் குறிப்பதே பதிப்பியல் எனவும் கற்பிக்கிறோம். மண் வீட்டுப் பரண்களில் கிடக்கும் ஒலிநாடாக்களும் அத்தகைய சுவடிகளே என்பது ஏனோ நமக்குத் தோன்றவில்லை. என் பெரியத்தா போன்றோர் ஒவ்வொரு நாடாவின் உறையிலும் ஊர், நாள், விழாவின் பெயர், பாடல்களின் வரிசை ஆகியவற்றை மைப்பேனாவால் எழுதிவைத்தனர். ஏட்டின் இறுதியில் எழுதியவர் பெயரும் ஆண்டும் குறிக்கும் மரபின் தொடர்ச்சி அல்லவா அது?

ரசிகர்களின் அறிவு எத்தகையது என்பதற்கு ஒரு சான்று கூறுவேன். 90 நிமிட நாடாவில் ஒரு பக்கம் 45 நிமிடத்தில் முடிந்துவிடும். பாடல் பாதியில் இருக்கும்போதே நாடா நின்றுவிடும். அதனை வெளியே எடுத்துப் புரட்டிப் போட்டு மீண்டும் பொத்தானை அழுத்துவதற்குள் இரண்டு மூன்று வரிகள் போய்விடும். எங்கள் திண்ணையில் நாடாவைக் கேட்கும்போது அந்த இடம் வந்ததும் பெரியத்தாவும் அவருடைய மாப்பிள்ளையும் விடுபட்ட வரிகளைத் தாமே பாடி நிரப்புவர். கருவி நின்ற இடத்தில் அவர்கள் தொடங்குவர். அவர்கள் முடித்த இடத்தில் கருவி தொடரும். அந்த வரிகள் வேறெங்கும் எழுதப்படவில்லை.

ஆர்மோனியத்தில் எவர் இருந்தார், டோலக் வாசித்தவர் எந்த ஊர், பின்பாட்டுப் பாடியவர் எந்த ஆண்டில் மாறினார் என்பனவெல்லாம் இவர்களுக்கு மனப்பாடம். தட்டின் உறையில் இடம்பெறாத அப்பெயர்களைத் தாங்கி நிற்பவை இத்தகைய ரசிகர்களின் நெஞ்சங்களே. கச்சேரி என்பது தனியொருவரின் குரல் மட்டும் அன்று. மேல் ஸ்தாயியில் குரல் நிற்கும்போது தபலா சற்றே அடங்கி, குரல் இறங்கும் கணத்தில் மீண்டும் எழும் அந்தப் புரிந்துணர்வு பல்லாண்டு ஒன்றாக மேடையேறியோர்க்கே வாய்ப்பது. 1970களின் நாடாக்களில் இது துலங்கக் கேட்கிறது. பிற்காலப் பதிவகத் தயாரிப்புகளில் வாத்தியங்கள் பெருகின. இந்த உறவு குறைந்தது. இது என் சொந்தக் கணிப்பு, மறுப்போர் மறுக்கலாம்.

ரசிகர் பற்றில் மிகையும் உண்டு. ஒலிபெருக்கி பழுதானபோது மைதானத்தின் கடைக்கோடிவரை குரல் கேட்டது என்பார் ஒருவர். இன்னொருவர் அடுத்த ஊர்வரை கேட்டது என்பார். மூன்றாமவர் வாயைத் திறப்பதற்குள் நாம் எழுந்துவிடுவது நல்லது. நாடாக்கள் எல்லாம் நல்ல நிலையில் இருப்பனவும் அல்ல. ஒலிபெருக்கியின் கீச்சொலி, மின்னாக்கியின் இரைச்சல், குழந்தையின் அழுகை, தேநீர்க்காரரின் கூவல் ஆகியவற்றிடையேதான் பாட்டைத் தேடவேண்டும். சில இரவுகளில் விரைவு மிகுந்து சொல் சிதைந்திருக்கிறது. இவற்றை மறைப்பது ஆய்வாகாது. எனினும், அவ்வோசைகளுக்கு நடுவே ஒரு விருத்தம் எழுந்ததும் குழந்தை அழுகை உட்பட அனைத்தும் அடங்குவதைக் கேட்கும்போது, அவையும் பாட்டின் பகுதி என்றே கொள்ள வேண்டியுள்ளது.

பிற நாட்டினர் இதில் நமக்கு முந்திவிட்டனர். எகிப்தின் உம்மு குல்தூம் அம்மையார் (மறைவு 1975) மாதந்தோறும் முதல் வியாழன் இரவில் பாடிய கச்சேரிகளை வானொலி நேரடியாக ஒலிபரப்பியது. ஒரே பாடல் ஓரிரவு போல் மறு இரவு அமையாது. கேட்போர் வேண்டியவாறு ஓர் அடியே பன்முறை திரும்பித் திரும்பி ஒரு மணி நேரமும் நீளும். அரபு நாட்டு இசையறிஞர் அக்கச்சேரிப் பதிவுகளை ஆண்டு, நாள் வாரியாக ஒப்பிட்டு ஆராய்கின்றனர். அமெரிக்காவில் கிரேட்ஃபுல் டெட் என்னும் ராக் இசைக்குழுவின் ரசிகர்கள், பதிவக இசைத்தட்டுகளைவிட மேடைப் பதிவுகளையே பெரிதும் போற்றி, நாடாக்களை விலையின்றித் தமக்குள் பரிமாறிக்கொண்டனர். அக்குழு 1977 மே 8இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய கச்சேரியின் பதிவு, அவ்வாறு கைமாறிக் கைமாறிப் புகழ்பெற்றது. அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகம் பாதுகாக்கத்தக்க தேசிய ஒலிப்பதிவுகளின் 2011ஆம் ஆண்டுப் பட்டியலில் அதனைச் சேர்த்தது. நம் கொள்கைக்கும் வாழ்க்கை முறைக்கும் அக்குழுவினருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் ரசிகர்கள் காத்ததை அரசு நூலகம் ஏற்றுக்கொண்டது என்னும் செய்தி நமக்கு உரியது.

நம் மாவட்டத்திற்கும் இவ்வகையில் ஒரு பெருமை உண்டு. குடுமியான்மலைக் குன்றின் பாறையில் ஏழாம் நூற்றாண்டளவில் வெட்டப்பட்ட இசைக் கல்வெட்டு உலகறிந்தது. சுரங்கள் பகுதி பகுதியாகக் கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ள அக்கல்வெட்டின் இறுதியில், மாணாக்கரின் நன்மைக்காக இது செய்யப்பட்டது என்ற குறிப்பும் காணப்படுகிறது. குன்றாண்டார்கோவிலின் தேர் வடிவ மண்டபமும் குடைவரையும் போலக் கல்லை நம்பிய காலம் அது. சுரம் நின்றது, வாசித்த ஒலி எத்தகையது என்பதை எவரும் இன்று கேட்க இயலாது. நாடாவின் நிலை இதற்கு நேர்மாறு. அதில் ஒலி அப்படியே இருக்கிறது. ஆனால் மெல்லிய நெகிழித் தாளின்மேல் பூசிய இரும்புத் துகளைப் பிடித்திருக்கும் பசை, வெப்பத்தாலும் ஈரத்தாலும் விட்டுப்போகிறது, பூஞ்சை படிகிறது, அடுத்த சுற்றின் ஒலி இந்தச் சுற்றில் பதிந்து முன்னெதிரொலியாகக் கேட்கிறது. 1976இல் பதிந்த நாடாவுக்கு இப்போது ஏறத்தாழ ஐம்பது வயது. அதனை ஒலிக்கச் செய்யும் கருவிகளும் அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்த கைகளும் அதைவிட வேகமாக அருகிவருகின்றன. விடுபட்ட வரிகளைப் பாடி நிரப்புவோர் எண்பதைக் கடந்துவிட்டனர்.

இங்கே நம் பெரியோர்களிடம் பணிவோடு ஒன்று சொல்ல வேண்டும். வாத்தியங்களோடு பாடுவது மார்க்கத்தில் ஏற்புடையதன்று என்ற கருத்து நம்மிடையே வலுவாக உண்டு. ஆலிம்கள் பேசவேண்டிய அப்பொருளில் தலையிட எனக்குத் தகுதியில்லை. அக்கருத்துடைய ஒரு குடும்பத்தில் தந்தையார் சேர்த்த நாடாக்களை மகன்மார் கிணற்றில் போட்டதை யான் அறிவேன்; அவர்களின் எண்ணம் தூயது என்பதும் அறிவேன். யான் வேண்டுவது கச்சேரி நடத்துவதை அன்று. நடந்து முடிந்ததை அழிக்காதிருப்பதை மட்டுமே. அந்நாடாக்களில் பாட்டு மட்டும் இல்லை. கச்சேரிக்கு முன் ஓதப்பட்ட கிராஅத், மறைந்த ஆலிம்களின் பயான், ஊர்ப் பெரியவர்களின் வரவேற்புரை எனப் பலவும் பதிவாகியுள்ளன. உங்கள் நன்னாவின் குரல் எஞ்சியிருப்பது ஒருவேளை அங்கு மட்டுமாக இருக்கலாம். வேண்டாதோர் கிணற்றில் இடுமுன் எங்கள் துறையில் கொடுத்துவிடுங்கள்.

மறுபுறம், தமிழ்த்துறையைச் சேர்ந்தோர் சிலர் இதனை 'மெல்லிசை' என்று ஒதுக்குகின்றனர். ஹனிபா அவர்கள் முறையாக இசை பயின்றவர் அல்லர். அதனை அவரே மறைத்ததும் இல்லை. நாட்டுப்புறப் பாடலுக்குப் பட்டமேற்படிப்பில் தனித்தாளே வைத்திருக்கும் நாம், இங்கு மட்டும் சாஸ்திரப் பயிற்சியைத் தேடுவது எந்த நீதி?

செலவு என்னாகும் என்று நிர்வாகத்தினர் கேட்பது முறையே. நாடாவை ஓட்ட நல்ல நிலையிலுள்ள கருவிகள் இரண்டு, அதனைக் கணினியில் ஏற்றும் எளிய இணைப்பு, பொறுமையுள்ள ஒருவர். தொடக்கத்திற்கு இவை போதும். முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரில் ஒரு நாடாவைத் தேடிக் கண்டு, உரியவரிடம் இரவல் பெற்று, படி எடுத்தபின் மூலத்தைத் திருப்பிக் கொடுத்து, அந்த ரசிகர் சொல்வனவற்றையும் பதிவு செய்து, பாடலை எழுத்தில் பெயர்த்து, தட்டு வடிவத்தோடு ஒப்பிட்டு ஆய்வேடு அளிக்கலாம். விற்பனைக்கு அன்று, ஆய்வுக்கு மட்டுமே என்னும் உறுதியைப் பாடகர் குடும்பத்தாருக்கும் பாடலாசிரியர் குடும்பத்தாருக்கும் எழுத்தில் தருதல் வேண்டும். புதுக்கோட்டையில் ஓர் ஆசிரியத் தம்பதியர் தம் ஊதியத்தில் வாங்கிச் சேர்த்த நூல்களே இன்று ஆராய்ச்சியாளர் தேடிவரும் ஞானாலயா நூலகமாகத் திகழ்கின்றன. தனிமனித ஆர்வத்தால் அவ்வளவு முடியுமெனின், ஒரு துறையால் இவ்வளவேனும் முடியாதா?

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் ஒன்று உண்டு. அதனைச் சொல்லாமல் முடிப்பது நேர்மையன்று.

ஒலிநாடாவின் மேல்விளிம்பில் இரண்டு சிறு தாவுகள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறொன்றைப் பதிய இயலாது. பெரியத்தா தம் நாடாக்கள் அனைத்திலும் அவற்றை உடைத்துவைத்திருந்தார். 1997இல் யான் இளங்கலை மாணவன். பொங்கல் நாளன்று தொலைக்காட்சியில் வந்த பட்டிமன்றம் ஒன்றைப் பதிவு செய்ய விரும்பினேன். வெற்று நாடா கையில் இல்லை. பெரியத்தாவின் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து, தாவு உடைந்த பள்ளத்தில் ஒட்டும் தாளை ஒட்டிப் பதிவு செய்துவிட்டேன். தமிழ் படிக்கும் மாணவன் தமிழ்ப் பட்டிமன்றம் பதிவதில் என்ன பிழை என்பது அன்று என் எண்ணம். சில நாள் கழித்து அவர் அந்நாடாவைக் கேட்க அமர்ந்தார். நடுவரின் முன்னுரையைச் சிறிது நேரம் கேட்டார். பின்னர்க் கருவியை நிறுத்தி, ஒட்டியிருந்த தாளை நகத்தால் மெதுவாக உரித்தெடுத்துவிட்டு, "இது எந்த ஊருக் கச்சேரி தெரியுமாத்தா?" என்று மட்டும் கேட்டார். யான் உறையைப் பார்க்கவேயில்லை. பட்டிமன்றத்தின் பெயரை எழுதுவதற்காக உறையில் இருந்த பழைய அட்டையையும் மாற்றிவிட்டிருந்தேன். அவர் அந்த ஊரின் பெயரைச் சொல்லவில்லை; யானும் கேட்கத் துணியவில்லை. 2004இல் அவர் மறைந்தார். பெட்டியிலிருந்த மற்ற நாடாக்கள் வீடு மாறும்போது பழைய சாமான்களோடு போய்விட்டன. எஞ்சியது இது ஒன்றே.

பட்டிமன்றம் நாடாவின் ஒரு பக்கத்தை முழுதும் நிரப்பவில்லை. தீர்ப்பு முடிந்து கைதட்டல் ஓயும்போது 'டக்' என்று ஓர் ஒலி. உடனே ஒரு விருத்தத்தின் நடுவில் கச்சேரி தொடங்குகிறது. பதினோரு நிமிடம் அளவுக்கு இருக்கிறது. தட்டில் இல்லாத ஒரு சரணம் அதில் வருகிறது. அதன் இரண்டாம் அடியில் ஒரு குளத்தின் பெயர் போல ஒரு சொல் கேட்கிறது. ஒலிபெருக்கியின் கீச்சொலியில் எனக்கு அது பிடிபடவில்லை. பாட்டு முடிந்ததும் கூட்டத்திலிருந்து ஒருவர் உரக்க எதையோ கேட்கிறார். மேடையிலிருந்து சிரிப்பொலி வருகிறது. அத்துடன் நாடா முடிகிறது. தமிழ்த்துறை விழா நாளன்று அந்நாடாவையும் ஒரு கருவியையும் துறை அறையில் வைத்திருப்பேன். 1970களில் எங்கள் பக்கத்துக் கச்சேரிகளைக் கேட்ட பெரியவர்கள் விழாவுக்கு வருவீர்களாயின், பதினோரு நிமிடம் ஒதுக்கி அறைக்கு வந்து, அது எந்த ஊர் என்று சொல்லிப் போகவேண்டும்.